சாகாமத்து யானையும் நாலு சாட்சிகளும்

கல்முனை,
பங்குனி மாதம், மண்டை பிளக்கும் ஒரு மத்தியானம்.

அழகிலும் அறிவிலும் பிடிவாதத்திலும் என் குடும்பத்தை உரித்து வைத்த மருமகள் ஜெனிற்றாவுக்கு,

மாமா சீனித்தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மெல்பேர்ணில் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பாய். இந்தக் கடிதத்தில் ஒருவரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்வேன் என்று கல்முனைக் கடலைச் சாட்சி வைத்து உறுதி தருகிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் நீ ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுத் தப்பிவிடுவாய். அதனால்தான் தாளும் பேனையும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் கிருஷாந்தனின் மகள் அழுதால் காரைதீவில் மாடுகள் கயிறு அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. சிரித்தால் கடல் ஒரு அடி பின்வாங்குகிறது. உயிர்த்த ஞாயிறன்று அவளுக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய் என்று, அவள் பிறக்க முன்னமே உன் அம்மா முடிவுசெய்தது உனக்குத் தெரியும்.

நீ மாட்டேன் என்று சொன்னாயாம். வேதாகமம் கையால் எழுதி எழுதி வந்த புத்தகம், இடையில் யார் எதை மாற்றினார்களோ தெரியாது, நாலு சுவிசேஷமும் நாலு விதமாகச் சொல்கின்றன, எனக்கே நிச்சயமில்லாத ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவேன் என்று ஆலயத்தில் நின்று பொய்வாக்குக் கொடுக்க மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றாயாம். அதைக் கேட்ட உன் அம்மா அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட மறந்தாள், அவ்வளவுதான்.

மகள், பொய்யைப் பற்றிப் பேச இந்தக் கரையோரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் என் புளுகைக் கேட்காத பிளேன்ரீத் தேத்தண்ணிக் கடை கிடையாது. ஆகவே இந்தத் தொழிலின் மூத்த நிபுணன் என்ற முறையில் ஒரு சாட்சி சொல்லப்போகிறேன். அதற்குத்தான் யானை.

போன மாதம் அறுவடை நேரம். என் கூட்டாளி அச்சிமுகம்மதுவை உனக்குத் தெரியும், அரிசி ஆலைக்காரர். சாகாமத்தில் குணம் என்ற விவசாயியின் வயலில் நெல் பார்க்கப் போனார். அவருடைய மனைவி ஸாலிஹா மதினி குளத்து மீன் வாங்கி வரம்பிலேயே ஆக்குவதாகச் சொன்னதால், நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத நானும் தேசத்தின் நன்மை கருதிப் போனேன். பின்னேரம் நாலு மணியிருக்கும். மரநிழலில் சோறு இறக்கியாயிற்று. மதினி எங்களுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, “அல்லாஹ்வே, கிறுகிப் பாருங்க, ஆன நிக்கிது” என்றா.

நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் திரும்பக்கூட இல்லை. அச்சிமுகம்மது, “வெயில் கண்ணக் கட்டிட்டு, அது எருமை” என்றார். குணம், “வெட்டுமெஷினாக்கும் மதினி” என்றான். நானோ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, “ஆனையெண்டா ஒரு பீங்கானில சோறு போட்டுக் குடுங்க” என்றேன். அதை யானை கேட்டுவிட்டது.

பிறகு நடந்ததை ஊரெல்லாம் நான் சொன்னபடி சொல்கிறேன். யானை சாகாமக் குளக்கட்டு அளவு உயரம். நான் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினேன். “தம்பி, இது குணத்தின் நெல்லு, நியாயமா?” என்று கேட்டேன். யானை வெட்கப்பட்டுத் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்தது. என் மருமகள் மெல்பேர்ணில் எப்படி என்று விசாரித்தது. போகும்போது மதினியின் சோற்றுப் பானையைத் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு போனது.

மற்ற மூன்று பேரும் அவரவர் ஊரில் அவரவர் பாட்டில் சொன்னார்கள். யானை ஒன்று என்கிறார் அச்சிமுகம்மது. இரண்டு, மற்றது பின்னால் மரத்தோடு நின்றது என்கிறான் குணம். குளத்துப் பக்கத்தால் வந்தது என்கிறா மதினி, காட்டுப் பக்கத்தால் என்கிறான் குணம். ஆனால் யானை வந்தது, பானை போனது, ஆம்பிளைகள் ஓடினது, இதில் மூவருக்கும் ஒரே சொல். மதினி முதலில் சொன்னா, நாங்கள் நம்பவில்லை என்பதையும் அந்த இரண்டு ஆம்பிளைகளும் மறைக்காமல் சொல்கிறார்கள், தங்களுக்கு மானக்கேடு என்று தெரிந்தும். ஏன்? நடந்தது அதுதான்.

வேடிக்கையைப் பார். அந்த மூவரையும் ஊர் நம்புகிறது. பிசிறில்லாமல் சொன்ன என்னை ஒரு நாயும் நம்பவில்லை.

அச்சிமுகம்மதுவுக்கு அவருடைய வேதம், எனக்கு என்னுடையது. முப்பது வருசமாக அதில் வாதாடி இரண்டு பேரும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் அவர்களிடம் நல்ல ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு செய்தி வந்தால் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், ஆள் நம்பத்தக்கவரா என்று சங்கிலி பிடித்து விசாரிப்பார்கள். பலவீனமான செய்தியை ‘ளயீப்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். கடையில் என் யானைக் கதையைக் கேட்டதும் அவர், “சீனித்தம்பிர வாயால வந்தா முழுக்க ளயீப்” என்று தீர்ப்புச் சொன்னார். சபை கலைந்தது.

வீட்டுக்கு வந்து, அதே விசாரணையை எங்கள் புத்தகத்தில் வைத்துப் பார்த்தேன். சுவிசேஷங்கள் எங்கள் மாதிரி ஆட்களின் வேலை என்றால், நான்கையும் ஒரே அச்சில் வார்த்திருப்போம். கர்த்தர் உயிர்த்தெழுந்த கல்லறையில் ஒரு தூதனா இரண்டு தூதனா என்று விட்டுவைத்திருக்க மாட்டோம். பேதுருவை எடு, சபைக்கே தலைவர். நான் பேதுருவாக இருந்தால் அந்தச் சேவல் கூவியிருக்காது, எனக்குச் சலாம் போட்டிருக்கும். அவர் சேவல் கூவுமுன் பயந்து, கர்த்தரைத் தெரியாது என்று மறுதலித்து, பிறகு அழுததை ஏன் எழுதிவைத்தார்கள்? வெறுமையான கல்லறையை முதலில் கண்டது பெண்கள். பெண்களின் சாட்சியை எவரும் பெரிதாக எடுக்காத அந்தக் காலத்தில், கதை கட்டுகிறவன் ஒரு தேசாதிபதியை அல்லவா அனுப்பியிருப்பான்? அவர்கள் சொன்னதைச் சீஷர்கள் வீண்பேச்சென்று தள்ளினதும் அதிலேயே இருக்கிறது. வாசிக்கும்போது எனக்கு மீன் முள் ஞாபகம் வந்தது.

கையால் எழுதினதில் பிழை வந்திருக்காதா என்றால், வந்திருக்கிறதுதான். என் யானைக்கு வீரமுனையில் யாரோ நாலு கொம்பு வைத்துவிட்டான். வரிப்பத்தான்சேனையிலும் காரைதீவிலும் அந்தக் கொம்பு இல்லை, ஆகவே எங்கே முளைத்தது என்று உடனே பிடிபட்டது. ஒரே ஒரு பிரதி இருந்தால் இரகசியமாக மாற்றிவிடலாம். ஊர் ஊராக, பாஷை பாஷையாகச் சிதறிப் போனதை எந்தக் கெட்டிக்காரன் ஓடி ஓடி மாற்றுவான்? இன்னொன்று, நான் ஒரு பிளேன்ரீக்காகப் பொய் சொல்வேன். பிரம்படி என்றால் அந்த நிமிடமே உண்மையைக் கக்கிவிடுவேன். அந்தச் சீஷர்கள் அடியும் சிறையும் பட்டும் சொல்லை மாற்றவில்லை.

இவ்வளவும் சொன்னதால் உன் சந்தேகம் ஓடிவிடும் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகப்பட்ட சீஷன் தோமாவையும் அதே புத்தகம் மறைக்காமல் வைத்திருக்கிறது, துரத்தவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். ஆலயத்தில் ஒரு பொய் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, சொந்த அண்ணன் பிள்ளையைக்கூடக் கையில் வாங்க மறுக்கிற ஆள் நீ. அந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்க அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். கூட்டாமல் குறைக்காமல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கொடுப்பாய். போதகரிடம் கதைத்துவிட்டேன். “சந்தேகத்தோட வரட்டும், வந்தாப் போதும்” என்றார். நீ வராவிட்டால் அந்த இடத்தில் நான் நிற்க வேண்டிவரும். பிறகு நோவாவின் பேழையில் சாகாமத்து யானை பானையோடு ஏறும், பொறுப்பு உன்னுடையது.

யானையோடு நான் பேசவில்லை, மகள். பீங்கானை எறிந்துவிட்டு ஓடி வாய்க்காலில் குப்புற விழுந்தேன். அது என்னிடம் ஒன்றும் விசாரிக்கவும் இல்லை. ஆனால் கடைகளில் சொல்லாத ஒரு சின்னப் பகுதி உண்மை. முகம் சேற்றில், யானை மூச்சுவிடுவது பிடரிக்கு மேலே. அப்போது என் வாயில் புளுகு ஒன்றும் வரவில்லை. உன் அம்மா உனக்குச் சின்னதில் சொல்லித்தந்தாளே, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம், அதுதான் வந்தது. மரண இருளின் பள்ளத்தாக்கு என்ற வரி வரைக்கும் சொன்னேன், அதற்கு மேல் மறந்துபோயிற்று. பக்கத்தில் கிடந்த அச்சிமுகம்மது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மறுகா என்ன மச்சான், சொல்லி முடி” என்று அழாத குறையாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் உனக்குத் தெரியும். வந்து பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, விசேஷமாக வரத்தை.

உன் அன்பு மாமா,
சீனித்தம்பி