முருகேசன் வீட்டுத் தந்தி

1988 மார்கழி, வியாழக்கிழமை இரவு. பொம்மிடி.

"பாத்திமா, இங்கிலீசுல இருக்குது, படிச்சுச் சொல்லும்மா" என்று முருகேசனின் அம்மா இன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து தந்தியை நீட்டினார். முருகேசன் பட்டாளத்தோடு இலங்கைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் ஒருவரையொருவர் விரும்புவது இரண்டு வீட்டுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் குண்டடி பட்டு இறந்துவிட்டாராம். என் அண்ணன் உள்ளே இருந்தார். யாரோ ஒருவருடைய சாவைச் சொல்வதுபோல, குரல் உடையாமல் படித்துச் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. என் காதருகே குனிந்தார்.

"திங்கக்கெழமையா? தப்பாப் படிக்கிறம்மா. நேத்து மத்தியானம் வந்தானே! தண்ணிகூடக் குடிக்கல. பாத்திமாவப் பாத்துட்டு வர்றேன்னு உங்க வூட்டுப் பக்கந்தான் போனான். வரலியா?"

"இல்லீங்க" என்றேன்.

நேற்று மத்தியானம் பின்கதவை யாரோ மெதுவாக மூன்று தரம் தட்டினார்கள். முருகேசன் அப்படித்தான் தட்டுவார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் பயந்துபோய் நான் திறக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன். மழையே இல்லாத நாளில், படியில் பூட்ஸ் தடம் ஈரமாக இருந்தது.

அண்ணன் பார்த்துவிடுவாரோ என்று நானே அதைக் கழுவிவிட்டேன்.