ஆட்டுக்கறிக்குச் செவப்பு ஒயின்

அக்கா,

அடுப்பில் கிராம்பு கொதிக்கிற வாசனை எழுந்ததும் கை தானாக உன் லோட்டாவைத் தேடியது. திண்டிவனத்துக்கு வீடு மாறி வந்தபோது எத்தனையோ சாமான் உடைந்தது, தொலைந்தது. உன் லோட்டாவை மட்டும் என் கல்யாணப் புடவைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன். நாளைக்குக் கிறிஸ்துமஸ். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அதற்குத்தான் இந்த மடல்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கிறிஸ்துமஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் உன் வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என் வீட்டுக்காரர் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. திண்டிவனத்துப் பக்கத்துச் சேரியிலிருந்து படித்து மேலே வந்தவர். அவரை நான் கட்டிக்கொண்டதற்காகப் பாண்டிச்சேரியில் இருந்த என் அப்பா ஐந்து வருஷம் என் வாசல் மிதிக்கவில்லை. பேத்தி பிறந்த சேதிக்குக்கூடப் பதில் இல்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து திடீரென்று ஒரு கார்டு: "கிறிஸ்துமஸ் மத்தியானம் வருகிறேன்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. வருவார், சரி. என் வீட்டில் கை நனைப்பாரா? அவர் வீட்டில் ஒயின் இல்லாமல் பண்டிகைச் சாப்பாடு கிடையாது. மேசையில் நல்ல ஒயின் இருந்தால் உட்காருவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. உன் அக்கா மகளைப் பார்க்க நீ பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாய். "நான் வாங்கினு வர்றேன், நீ ஏன் பேஜாரு பட்ற?" என்றாய். சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள், ஒயின் வாங்கப் போனாய்!

திரும்பி வந்து நீ அளந்த அளப்பு இருக்கிறதே! "ஆட்டுக்கறிக்குச் செவப்பாம், மீனுக்கு வெள்ளையாம், கடைக்காரன் சொன்னான். முதல்ல தூசி படிஞ்ச புட்டி ஒண்ண நீட்டறான். எந்தக் காலத்து சரக்குப்பா இது, யாரும் வாங்காம கெடந்தத என் தலையில கட்றியான்னு கேட்டேன். உள்ள போய் இந்த வருசத்துப் புதுசா எடுத்தாந்தான்." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழசாக ஆகத்தான் அதற்கு மதிப்பு என்பதை உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. பிரெஞ்சு எல்லை தாண்டும்போது சுங்கத்தில் அதிகாரியிடம் மல்லுக்கு நின்று, தீர்வை கட்டி, மல்லாட்டை மூட்டையில் கடலைக்குள் உடையாமல் பொத்திவைத்துக் கொண்டுவந்திருந்தாய்.

அதோடு விட்டாயா? கிறிஸ்துமஸ் காலையில் நாங்கள் பூசைக்குப் போனபோது கறிக்குழம்பை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. அடுப்பில் ஒயின் கொதித்துக்கொண்டிருந்தது.

"தக்கைய எடுத்து மோந்து பாத்தேன். புளிச்ச வாடை. கெட்டுப் போச்சுடி தங்கச்சி. வெல்லம், கிராம்பு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி சரி பண்ணிட்டேன்" என்றாய், பெரிய காரியம் சாதித்த முகத்தோடு.

"அய்யோ அக்கா, குடியைக் கெடுத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ மிரண்டு போனாய். உன்னைத் தேற்றக்கூட நேரமில்லை. வாசலில் ஜட்கா வந்து நின்றுவிட்டது.

அப்பா பேத்தியின் தலையைத் தொட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இலையைப் போட்டதும், "நான் சாப்பிட்டுட்டுத்தான் ரயில் ஏறினேன்" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் காய்ச்சின ஒயினையே ஒரு லோட்டாவில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

இப்போது மறைக்காமல் சொல்கிறேன், அக்கா. அதுவரைக்கும் உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. மூன்று வருஷமாக என் அடுப்பில் குழம்பு கிண்டுவாய், உப்புப் பார்க்க மாட்டாய். தண்ணீர் கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பாய். காரணம் எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். வெற்றிலைக்கு மேல் நீ எதையும் எங்கள் வீட்டில் வாயில் வைத்ததில்லை.

அந்த நீ சமையல்கட்டு வாசலிலிருந்து விடுவிடுவென்று வந்தாய். அவர் முன்னாலிருந்த லோட்டாவை எடுத்தாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாய்.

"தித்திப்பு சரியாத்தான் இருக்குது" என்று முந்தானையால் வாயைத் துடைத்தாய். "பெரியவரே, மூணு வருசமா நானும் உங்கள மாதிரிதான் சாக்கு சொல்லிக்கினு இருந்தேன். பெத்தவரு நீங்க சொல்லி இப்பக் கேக்கறப்பதான் எனக்கே வெக்கமா இருக்குது."

அப்பா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் ஒரு லோட்டா கொடு என்பதுபோல் கையை நீட்டினார். ஒரு வாய் குடித்தார்.

"பிரான்சுல, பட்டாளத்துல" என்று மெல்ல ஆரம்பித்தார். "குளிர்ல வெறச்சுக் கெடந்தோம். இதே மாதிரி காய்ச்சி, சர்க்கரை போட்டு, யாரோ ஒருத்தன் குவளைய வாயில வச்சான். எவன் கையால குடிக்கறோம்னு அன்னிக்கு எங்கள்ல ஒருத்தனும் கேக்கல." லோட்டாவைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, நீங்களும் உக்காருங்க. பசிக்குது" என்றார்.

சாப்பிட்டுத்தான் ரயில் ஏறினேன் என்ற மனுஷர் மூன்று தரம் சோறு வாங்கினார். கிளம்பும்போது, "அடுத்த வருஷம் ஒயினை நானே கொண்டாறேன், காய்ச்சறது மட்டும் அந்தம்மா காய்ச்சட்டும்" என்றார். நீ கழுவிவைத்த லோட்டாவைக் காட்டி, "இத எனக்குன்னு தனியா வச்சிடுடி, இனிமே தெனம் வேணும்" என்றாய். சொன்னபடியே தினமும் வந்து காப்பி குடித்தாய்.

இப்போது மதுவிலக்கு. ஒயின் கிடையாது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, உன் பக்குவப்படி காய்ச்சுகிறேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் நாளைக்கு வருகிறார்.

சேதி இதுதான். உன் மகனுக்குத் திண்டிவனத்துக்கே மாற்றலாகிவிட்டது. உன் மருமகள் புதுசு. கண்டாச்சிபுரத்துக்காரி, ரொம்பக் கூச்சம். இன்றைக்கு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவளிடம், நாளைக்குச் சாப்பிட வா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பழைய பயத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அலமாரியில் இருந்த லோட்டாவைக் காட்டினாள்.

"சின்னத்தே, எங்க அத்தை குடிச்சது இதுலதானே? எனக்கும் இதுலியே ஊத்துங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் அடுப்பை மூட்டினேன், அக்கா. கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்கிறது. இன்னொரு துண்டு வெல்லம் போட்டிருக்கிறேன்.