ஒட்டிய பக்கங்கள்

மகளுக்கு,

எங்கள் கட்டபெட்டு வாசகர் வட்டத்தின் லட்சணத்தைக் கேள். ஒரு நாவலை நான்கு பேர் வாரத்துக்கு ஒருவராக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஞாயிறு கூட்டத்தில் ஆளுக்கு அரைமணி நேரம் முழங்கினார்கள். "கடைசி அத்தியாயத்துல அழுதே போட்டனுங்க" என்றார் ஃபேக்டரி கிளார்க் வேலுசாமி.

பிறகு புத்தகம் என் கைக்கு வந்தது. அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்டதால், பாதிக்கு மேல் பக்கங்கள் ஒட்டியே இருந்தன. ஒருவரும் பிரிக்கவில்லை. படிக்காமலே அழுகிற ஜென்மங்கள்!

பேனாக்கத்தியால் நானே பிரித்தேன். கத்தியை வைக்க மேஜை டிராயரைத் திறந்தால், என்னை மீறி நடந்த கல்யாணத்துக்குப் பிறகு நீ எழுதிய மூன்று கடிதங்கள், ஒட்டிய உறை ஒட்டியபடியே. அவற்றில் இருப்பது அத்தனையும் பொய் என்று உன் அம்மாவிடம் மூன்று வருஷமாக முழங்கியவன் நான்.

இன்றுதான் படித்தேன். கடைசிக் கடிதத்தில் பிறந்த உன் பிள்ளை இந்நேரம் ஓடியாடுமே.

வேலுசாமியைவிட மட்டமான வாசகன்,
உன் அப்பா