பாட்டு மெதுவான இடம்

எனக்குக் காது போய்விட்டது என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயில் கிளம்புவது வீட்டிலிருந்தே எனக்குக் கேட்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: நம் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கேசட்டில், அந்த நீண்ட பாட்டின் நடுப்பகுதி நீங்கள் போன பிறகு வேகமாக ஓடுகிறது. "அது எப்பவுமே அந்த வேகம்தாம்மா" என்று அவனும் போனில் சொல்லிவிட்டான்.

நேற்றுக் காலை அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, நம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் கொல்லை மோட்டாரைப் போட்டார். விளக்கு மங்கியது. கிதார் தளர்ந்து இறங்கியது. நான் தேடிய இடம் அப்படியே திரும்பி வந்தது. மோட்டார் ஓடினால் கரன்ட் இறங்கும். கரன்ட் இறங்கினால் நம் பழைய டேப்ரிக்கார்டர் மெதுவாகச் சுற்றும். வேறொன்றுமில்லை.

வேலைக்குப் போன புதிதில் நம் மகன் அனுப்பிய கேசட் அது. பிராக்ரசிவ் ராக் குழு ஒன்றின் மேடைக் கச்சேரி. ரெக்கார்டில் அளந்து வாசிக்கும் பாட்டை மேடையில் நீட்டி, மனம்போனபடி ஜாம் செய்வார்கள், ஒரு நாள் வாசித்தது போல் மறுநாள் இருக்காது என்று எழுதியிருந்தான். மற்ற வீடுகளுக்கு மிக்சியும் சென்டும் வந்தன. நமக்கு இது. நானோ கான்வென்டில், டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பியானோ பழகியவள்.

"எங்கே ஆரம்பிச்சாங்க, எங்கே போறாங்க? இவங்களைக் கண்டிக்க ஆளே இல்லையா?"

"கொஞ்சம் சுத்தட்டும் விடு, மதர் சுப்பீரியர். பிரேயருக்கு வந்துடுவாங்க" என்றீர்கள்.

ஒரு நாள் நடுவில் பாட்டு தளர்ந்தது. சுருதியையும் சேர்த்து இறக்குகிறார்களே, என்ன துணிச்சல் என்று வியந்து, "இந்த இடம் நல்லா இருக்குங்க" என்றேன். நான் எதையும் எளிதில் நன்றாக இருக்கிறது என்பவள் அல்ல. நீங்கள் போட்ட காபியைக்கூடச் சொன்னதில்லை. நீங்கள் மங்கியிருந்த விளக்கைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

அதன் பிறகு அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் எழுந்துவிடுவீர்கள். "நாத்தங்காலுக்குத் தண்ணி விட்டுட்டு வந்துடறேன்." அறுவடை முடிந்து, வயலில் உளுந்து பூத்திருக்கும் மாசியிலும் நாற்றங்காலா? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டேன்.

மகன் அத்தனை தூரம் போன வருடங்களில் நான் உடைந்துபோகாததற்கு என் மனவுறுதிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் மோட்டாரும் காரணம். நன்றி.

கேசட்டைச் சுத்தம் செய்து போனில் ஏற்றித் தருகிறேன் என்கிறான். தரட்டும். இன்று நானே கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். திரும்பி வருவதற்குள் அந்த இடம் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. அப்படியென்றால், அந்த முதல் நாளுக்குப் பிறகு நீங்கள் அதை என் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதே இல்லை.

மோட்டார் சத்தத்தைத் தாண்டி, கொல்லையில் உங்களுக்கு அது கேட்டதா? கனவில் வந்து சிரித்துவிட்டுப் போக வேண்டாம். எழுத்தில் பதில் போடுங்கள்.