சோதனை மேசையில் ஓர் அலறல்

ஏப்ரல் 3

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போன மாதமே எழுத நினைத்தேன், கை ஓடவில்லை.

நம்ம 'மூளை டாக்டர்' மறுபிறவி எடுத்திருக்கிறது! முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் டைரக்ட் செய்து, மூன்றே நாளில் தியேட்டரை விட்டு ஓடிய படம். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சங்கம் வைத்து ஞாயிறுதோறும் காலைக்காட்சி போடுகிறார்கள். ஜாடியில் மிதக்கும் மூளை காலிஃபிளவர் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டர் கதவைச் சாத்தினால் ஆய்வுக்கூடச் சுவரே ஆடுகிறதே, அதற்கு ஒரு கைதட்டல். மூளை மாற்றும் இயந்திரம் என்று உன் தலையில் கவிழ்த்தோமே, அந்த முடி உலர்த்தும் தொப்பிக்கு விசில். நீ மேசையில் கட்டுண்டு அலறும்போது தியேட்டரே உன்னோடு சேர்ந்து அலறுகிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். ஒருநாள் வந்து பார்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவன் நேரத்துக்குச் சாப்பிடறானா?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தேன். நீங்கள் பிள்ளைகள் சூழ நின்றிருந்தீர்கள். நானும் சிரித்தேன், அண்ணா. ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்க, "உலகம் என் காலடியில்!" என்று டாக்டர் கத்தும்போது எப்படிச் சிரிக்காமல் இருப்பது? மேசைக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அது நடிப்பில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஷூட்டிங்கில் அந்த மேசையில் கரண்டு அடித்ததில் இடது கையில் இரண்டு விரல் மரத்தது மரத்ததுதான். அடுத்த மாதமே டைப்பிஸ்ட் பரீட்சையில் தோற்றேன். இன்றும் ஆஸ்பத்திரியில் டோக்கன்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விபத்துக்கு யார் என்ன செய்வது என்று அதை விட்டுவிட்டேன்.

வெளியே பெஞ்சில், அந்தப் படத்துக்கு லைட் போட்ட பல்பு அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேபிள்ல கரண்டு லீக்காகுது, பாப்பாவை எறக்குங்கன்னு அப்பவே சொன்னேம்மா. உங்கண்ணன் கேக்கல" என்றார்.

வயசானவர், எதையோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புத் தங்கை,
குட்டி

மே 9

அன்புள்ள குட்டிக்கு,

பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். பல்பு சொன்னது நிஜம்தான். ஆனால் அவன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அன்று சாயங்காலம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பிலிமும் ஒரு சுருள்தான் மீதி. லேசாகச் சுரீரென்று பட்டால் உன் முகத்தில் நிஜமாகவே பயம் வருமே என்று நினைத்தேன். இவ்வளவு ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. சின்ன வயசுப் புத்தி.

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிடாதே, பாவம், அப்புறம் சிரிக்க மாட்டார்கள். அடுத்த மாதம் ஒரு விழா வைத்து உன்னை மேடையேற்ற ஆசைப்படுகிறார்கள். அந்த அலறலை ஒரே ஒரு தடவை அலறிக் காட்டினால் போதுமாம். வருவாய்தானே?

அன்புடன்,
அண்ணன்

மே 16

டைரக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த அண்ணனுக்காகத்தான் இத்தனை வருஷம் இந்தக் கையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். விழாவுக்கு நான் வருவதாக இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, அவளுக்கு நீங்கள் ஒரே ஆண்பிள்ளை.

அவளைப் பார்க்க வருவதானால் செவ்வாய், வெள்ளிகளில் வாருங்கள். அன்றைக்கெல்லாம் எனக்குக் காலை ஏழிலிருந்து டியூட்டி. அவளால் எழுந்து கதவைத் திறக்க முடியாது, சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் நான்கு மணிக்கு வந்துவிடுவேன். அதற்குள் கிளம்பிவிடுங்கள்.