இடது கைப் பிரேக்

செப்டெம்பர் 13, சனி

காலையில் மழை. 12 பாகை. தங்கச்சி ரஜனி நாளை லண்டனில் இருந்து வருகிறாள். அன்ரனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு. புருஷன் இல்லாத அந்த வீட்டில் இருக்க முடியவில்லையாம். பிள்ளைகள் இரண்டு பேரும் பல்கலைக்கழக விடுதியில். இவள் இரண்டு கிழமை எங்களோடு.

செய்ய வேண்டியவை:
– மேல் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு
– குத்தரிசி, தேயிலை, மீன்
– கராஜில் சைக்கிள்களை மூட

மூன்றாவதை முதலில் செய்தேன். என்னுடையது, மனைவி ஜெனியுடையது, இரண்டின் மேலும் ஒரு வெள்ளை விரிப்பு. பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பூப்போட்ட விரிப்பாக மாற்றினேன். தான் தினமும் கார்டெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, வேலைக்குப் போவதே சைக்கிளில்தான், ஒவ்வொரு நாளும் அவிழ்த்து மூடவா என்று ஜெனி கேட்டாள். விரிப்பின் மூலைகளை இழுத்துவிட்டேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வெயில். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். ரஜனி பாதியாகிவிட்டாள். கறுப்பு உடுப்பு இல்லை, பச்சைச் சட்டை. கண்ணில் ஒரு துளி இல்லை.

பின்னேரம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. கோயில் வாசலில் யாரோ ஒருவர் தன் மனைவியிடம்: "அம்பது வயசில மலையில என்ன சைக்கிள்?" ரஜனிக்கும் கேட்டது. அதைத்தான் தானும் கேட்பதாக அவரிடம் திரும்பிச் சொன்னாள். மனிதர் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் அவளே எல்லாம் சொன்னாள். அன்ரனின் உடுப்புகளைக் கொடுத்துவிட்டாளாம். படத்தையும் சுவரில் இருந்து கழற்றிவிட்டாளாம். "ரெண்டு பிள்ளையளை யோசிக்காமல் மலையில பறந்த மனிசனுக்கு நான் ஏன் அழோணும்?"

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். அன்ரன் வேகமாகப் போனான் என்று ரஜனிக்குச் சொன்னவன் நான்தான்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

பேக்கரி, காலை 5 முதல் 1 வரை. இரண்டு தட்டுப் பாண் கருகவிட்டேன். மேற்பார்வையாளர் தானே அவற்றை எடுத்துக் கொட்டினார். துக்க வீட்டுக்காரன் என்று விட்டிருப்பார்.

இங்கே ஒரு தடவையாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

பிரான்ஸ், ஆல்ப்ஸ். ஒரு கணவாயைச் சைக்கிளில் ஏறிக் கடக்க இரண்டு வருடத் திட்டம். நான் இங்கே மவுண்ட் ரோயல் மலையில் ஏறிப் பழகினேன், அன்ரன் லண்டனில் பழகினான். வட்ஸப் குழுவுக்கு அவன் வைத்த பெயர் "கணவாய்க்கறி". உறுப்பினர் இரண்டே பேர்.

சைக்கிள்கள் அங்கேயே வாடகைக்கு. கடைக்காரனுக்கு பிரெஞ்சு மட்டும். மொன்றியலில் இருபத்திரண்டு வருடம், பிரெஞ்சு என் பொறுப்பு. ஒரு பத்து விசயம் சொல்லியிருப்பான். இருக்கை உயரம், கியர், டயர் காற்று, அவசர நம்பர். அதில் ஒன்று: இடது கைதான் முன் பிரேக், இங்கிலாந்தில் இருந்து வந்த உங்கள் ஆளுக்குச் சொல்லுங்கள். ஊரிலும் லண்டனிலும் வலது கைதான் முன் பிரேக். அன்ரனுக்குப் பத்து வயதில் இருந்து அதுதான் பழக்கம். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மற்ற ஒன்பதையும் அவனுக்குச் சொன்னேன். அந்த ஒன்றுக்கு வருமுன் கோப்பி ஆறுகிறது என்று அவன் கூப்பிட்டான். வேறு காரணம் இல்லை.

அடிவாரத்தில், தேவாலயத்துக்கு முன்னால், "மச்சான், பிரேக் கடிக்குது" என்றான். புது டிஸ்க் பிரேக், அப்படித்தான் இருக்கும் என்றேன். அப்போதாவது நினைவு வந்திருக்கலாம். வரவில்லை.

மூன்றரை மணி நேரம் ஏற்றம். பிரேக் தேவைப்படவே இல்லை. உச்சியில் கணவாயின் பெயர்ப்பலகை. அதன் கீழ் அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், படம் எடுத்தேன். எதிர்மலையில் பனி, கீழே எங்கோ மாட்டு மணி. இனிச் செத்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பேருமே சொன்னோம். எல்லாரும் சொல்வதுதானே.

இறக்கத்தில் நான்காவது வளைவு. நான் இருபது மீற்றர் பின்னால். அவன் வேகமாகப் போகவில்லை. எதிரே ஒரு வான். பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கிப் பிடித்தான். முன் சில்லு அப்படியே நின்றது. அவன் நிற்கவில்லை.

சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைக்கும்போதுதான் கடைக்காரனின் குரல் நினைவுக்கு வந்தது. பொலிஸ் கேட்டபோது, வேகமாகப் போனார் என்றேன். பிறகு அதையே ரஜனிக்குத் தமிழில். ஒரு தடவை சொன்னதைத் திருப்ப எனக்குத் தைரியம் இல்லை. நான் கோழை. எழுதியாயிற்று.

செப்டெம்பர் 17, புதன்

மூட்டம். வேலை முடிந்து மெட்ரோவில் தமிழர் இல்லாத ஒரு பங்குக் கோயிலுக்கு. பாவசங்கீர்த்தனம், பிரெஞ்சில். சாமியார் வயதானவர், மூக்கடைப்பு. இது மறதி, பாவம் இல்லை என்றார். பொய் சொன்னது பாவம்தான், அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் என்றார். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம். பிரெஞ்சில் எல்லாம் சுலபமாக வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்தால் ரஜனி புட்டு அவித்து வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று. மூன்று தடவை போட்டாள். சொல்லவில்லை.

செப்டெம்பர் 19, வெள்ளி

ரஜனி கராஜுக்குப் போயிருக்கிறாள், வெங்காயம் எடுக்க. விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது, நாலு மூலையும் ஒட்டி.

ஞாயிறு தன்னை மவுண்ட் ரோயலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். மேலே இருந்து ஜெனியின் சைக்கிளில் ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டுமாம். அந்த மனிதன் வீட்டையும் மறந்து பறக்க அதில் என்ன இருக்கிறதென்று பார்க்க. நேரம் இல்லை என்றேன். ஞாயிறு எனக்கு லீவு என்று ஜெனி சொல்லிக்கொடுத்தாள். குளிர் என்றேன். "ஊரில ரியூசனுக்கு மழைக்குள்ள சைக்கிள் ஓடினவள் நான், அண்ணா."

ஊரில் ஓடினவள். லண்டனிலும் வேலைக்கு சைக்கிளில் போகிறவள். அவளுக்கும் வலது கைதான் முன் பிரேக். இங்கே மாறி இருக்கும் என்று சொல்லாமல் அவளை இறக்கத்தில் விட முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும்.

செப்டெம்பர் 20, சனி

காற்று. ஜெனியும் ரஜனியும் காலை புரோசார்ட் பக்கம் கடைகளுக்கு. நான் கராஜில்.

ஜெனியின் சைக்கிளில் கேபிள்களை மாற்றிப் போட்டேன். இப்போது வலது கை முன் பிரேக், ரஜனியின் பழக்கப்படி. ஒரு கேபிள் நீளம் காணாது, பழையதொன்றை வெட்டிப் போட்டேன். முக்கால் மணி நேர வேலை. யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு பின்னேரம் திரும்ப மாற்றிவிடலாம். கொஞ்சம் கெட்டித்தனமாகக்கூட உணர்ந்தேன், வெட்கமாக இருக்கிறது.

செப்டெம்பர் 21, ஞாயிறு

15 பாகை, வெயில். இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. சைக்கிள்களைக் காரின் பின்னால் கட்டி மேலே கொண்டுபோனோம். ரஜனி முன்னால், நான் இருபது மீற்றர் பின்னால். ஜெனி காரில் கீழ்த் தரிப்பிடத்துக்கு, அதற்கப்பால் வீதி வரை இன்னும் கொஞ்சம் இறக்கம்.

ரஜனி நன்றாக ஓடினாள். வளைவுகளில் அளவாகப் பிடித்தாள். பாதி வழியில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள், நின்றாள். எனக்குத்தான் மூச்சு நின்றது.

கீழே வந்து இறங்கியபோது அவள் முகம் சிவந்திருந்தது. வெறுப்பில்.

"எவ்வளவு நல்லாப் பிடிக்குது. நான் நிண்டனான்தானே. அவர் ஏன் பிடிக்கேல்லை?"

நான் செய்த வேலையின் பலன் இது. செத்தவன் மேல் இன்னொரு பழி.

அதற்குள் ஜெனி, தனக்கும் ஆசையாக இருக்கிறது, மிச்ச இறக்கத்தைத் தான் ஓடுகிறேன் என்று சைக்கிளை வாங்கி ஏறிவிட்டாள். ஒரு கால் பெடலில். நான் ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன். விழப் பார்த்தாள்.

"இறங்கு. பிரேக் மாறிக் கிடக்கு. நான்தான் நேற்று மாத்தினனான்."

என்னத்துக்கு என்று ஜெனி கேட்டாள். ரஜனிக்குப் பழக்கம் மற்றப் பக்கம் என்றேன். ரஜனி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"அவருக்கும் என்ரை பழக்கம்தானே."

"ஓம்."

"அங்கை வாடகைக்கு எடுத்த சைக்கிள்?"

"மற்றப் பக்கம். கடைக்காரன் எனக்குச் சொன்னவன். நான் அன்ரனுக்குச் சொல்லேல்லை."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் வீதி ஓரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த மனிசன் பிரேக் பிடிச்சிருக்கிறார்."

அதன் பிறகுதான் அழுதாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. ஜெனி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

மழை. ஜெனி பஸ்ஸில் வேலைக்கு. பின்னேரம் கேபிள்களைத் திரும்ப மாற்றினேன், மூன்று தடவை சரிபார்த்தேன். சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன்.

ரஜனி டிக்கெட்டை முந்திய நாளுக்கு மாற்றிவிட்டாள். புதன் பயணம். ஜெனிதான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோவாள். நான் வர வேண்டாமாம்.

உச்சியில் எடுத்த படத்தை மட்டும் ஜெனி மூலம் கேட்டு வாங்கினாள். பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறாளாம்.

அடிவாரத்தில் அன்ரன் பிரேக் கடிக்கிறது என்று என்னிடம் சொன்னதை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.