பொக்ஸ் கிழியவில்லை, காக்கா

இத்தால் சகல ஊரவருக்கும் மிகுந்த துயரத்துடன் அறியத் தருவது: எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு இன்று காலை, நனைந்த நான்கு சாரன்களின் பாரம் தாங்காமல் அறுந்து காலமானது. நல்லடக்கம் குப்பைக் குழியில் நடைபெற்றது.

சிரிக்க வேண்டாம் காக்கா. கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அண்ணன் நீங்கள்தான். புதுக்கொடி கட்டக் கம்பி தேடி மேசை லாச்சியை இழுத்துக் கிளறியபோதுதான், உங்கள் கிற்றாரின் மெல்லிய கம்பியொன்று சுருண்டபடி கையில் வந்தது. நீங்கள் அறுத்துப் போட்டது. நான் பொறுக்கி வைத்தது.

"அது காணும் மனே, கட்டு," என்றார் உம்மா.

"இது கொடி கட்டுற கம்பியில்ல உம்மா."

"பின்ன என்ன, தங்கமா?"

என் சப்பாத்துக் கயிறு இரண்டையும் முடிந்து கொடி கட்டினேன். நாளைக்குப் பாடசாலைக்குச் சப்பாத்தை இழுத்துக்கொண்டு போவேன். போகட்டும்.

அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு மாரி கழிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் ஒரு புதுச்சட்டம்: உங்களைப் பற்றிக் கதைக்கலாம், உங்கள் கிற்றாரைப் பற்றிக் கதைக்கக் கூடாது. "மௌத்தானவர்ர பிழையக் கிண்டாத, துஆக் கேளு," என்கிறார்கள். கேட்கிறேன். நான் தொழுகிற வக்துகளிலெல்லாம் கேட்கிறேன். எத்தனை வக்து என்று மட்டும் விசாரிக்க வேண்டாம். ஆனால் கிற்றார் பிழையென்று ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த ஊரில் கம்பி நீட்டியவர்கள் ஏராளம். கம்பி மீட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் கிற்றாரோடு மேடையேறிய அன்று, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் மூன்று மணி வெயிலிலேயே பாடசாலை மைதானத்தில் மேடை. அதற்கு முதல்நாள் உங்கள் வாப்பாவோடு நீங்கள் செய்த ஒப்பந்தம் எங்கள் ஒழுங்கைக்கே தெரியும்.

"நான் வாசிக்கக்குள்ள சனம் எழும்பிப் பெய்த்தெண்டா, கிற்றார வச்சிட்டு சவூதிக்கு ஏறுறன் வாப்பா."

"முதல் ஆளா நான்தான் எழும்புவன்," என்றார் அவர்.

பாட்டுக்காரர்கள் பாடி முடித்ததும் நீங்கள் தனியாக முன்னால் வந்தீர்கள். கிற்றார் வயர் செருகியிருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காலால் அழுத்தினீர்கள். முதல் சுரமே கரகரவென்று மைதானத்தை அறுத்துக்கொண்டு போனது. அப்படியொரு சத்தத்தை எங்கள் ஊர் அதுவரை பழுதான ஒலிபெருக்கியில்தான் கேட்டிருந்தது.

"பொக்ஸ் கிழிஞ்சிட்டு! நிப்பாட்டுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சவுண்ட்காரர் பாய்ந்து உங்கள் ஒலிபெருக்கிப் பொக்ஸின் சுவிட்சை அணைத்தார். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன; சத்தமில்லை. சனம் சிரித்தது. உங்கள் வாப்பா குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே எழும்பியது.

மைக் மட்டும் உயிரோடிருந்தது. அதைப் பிடித்தீர்கள். "பொக்ஸுக்கு ஒண்டுமில்ல, போடுங்க. கிற்றார்ர குரலே இதுதான். எழும்பினவங்கள நான் இருக்கச் சொல்லல்ல. நிண்டபடி ஒருக்காக் கேட்டிட்டுப் போங்க."

பிறகு நீங்கள் வாசித்ததை எழுத, நான் தமிழ்ப் பாடத்தில் எடுக்கிற புள்ளிகள் போதாது. இடக்கை ஓடிய வேகத்தில் விரல்கள் ஐந்தா பத்தா என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் தீருமுன் வலக்கையும் கிற்றாரின் கழுத்துக்கு ஏறிவிட்டது. ஒரு கம்பியைத் தள்ளித் தள்ளி நீங்கள் நெளித்தபோது நானும் கூடவே நெளிந்தேன். பொடியன்கள் நாற்காலிகளில் ஏறி நின்றார்கள். சவுண்ட்காரர் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவே மறந்துபோனார்.

நிறுத்தினீர்கள். ஒருவரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் கண் வாப்பாவின் குடையிலேயே நின்றது.

அப்போதுதான் பெண்கள் இருந்த வகுப்பறைப் பக்கமிருந்து குரவை எழும்பியது. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது போடுகிற அதே குரவை. ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிற்றாருக்கு எப்படி மரியாதை செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியாது; அவர்கள் தங்களிடமிருந்த ஆகப் பெரிய மரியாதையை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகுதான் மைதானம் வெடித்தது.

உங்கள் வாப்பா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். "கலியாணமில்லாம என்ட மகன மாப்பிள்ளையாக்கிட்டாளுகள்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "இனி இவன எந்தச் சவூதிக்கு அனுப்புறது?"

இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். பள்ளிவாசல் மதிலோரம் இருக்கிற பெரியவர்களிடமும் சொல்கிறேன். "வாயப் பொத்துடா," என்றால் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன். உங்கள் முதல் ரசிகன் நான்தான், அந்த முதல் சுரத்திலேயே விளங்கிக்கொண்டவன் மைதானத்தில் நான் ஒருவன்தான் என்றும் சேர்த்துக்கொள்வேன்.

உங்களிடம் மட்டும் அப்படிச் சொல்ல வாய் வருகுதில்லை காக்கா. பின்னாலிருந்து கத்தினானே ஒருவன், உங்களைச் சவூதிக்கு ஏற்றிவிடப் பார்த்தானே, அது நான்தான். பகிடிக்குக் கத்தவில்லை. பகிடியென்றால் இதற்குள் பெருமையாக ஒப்புக்கொண்டிருப்பேன். பொக்ஸ் மெய்யாகவே கிழிந்துவிட்டதென்றுதான் நினைத்தேன்.